ரெண்டு பக்கமும் கருப்பு

எங்க ஊரு சாத்தங்குறிச்சி அகலமாப் போனது ஒரு வெள்ளிக்கிழமை காலையில, டவுன் பஸ் வந்து நின்னு ஆளுங்க இறங்கிக்கிட்டிருந்த நேரத்துல. எப்படிப் போச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாது, கேக்குறவங்களும் தெரிஞ்சு ஒண்ணும் செய்யப்போறதில்ல, ஆனா எதால போச்சுன்னு ஊருல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும், சேர்மன் வைரவமூர்த்தி வாங்கிட்டு வந்த புது லேப்டாப்பாலதான் போச்சு. நான் அம்சவல்லி. அவரு காம்ப்ளக்ஸ்ல அவரோட பிளக்ஸ் கடைக்குப் பக்கத்துல ஜாக்கெட் தைக்கிற கடை வச்சிருக்கேன். ரெண்டுக்கும் நடுவுல பாதிச் சுவருதான், அதனால கடையில நடந்தது அத்தனையும் நான் மிஷின்ல உக்காந்தபடியே பார்த்தது. வேற மாதிரி யாராவது சொன்னா என்கிட்ட அனுப்பி வைங்க, நான் பேசிக்கிறேன்.

எங்க ஊருல பிளக்ஸ் இல்லாம ஒண்ணும் நடக்காது. காது குத்துனா பிளக்ஸ், பொண்ணு வயசுக்கு வந்தா பிளக்ஸ், துபாய்க்குப் போனா பிளக்ஸ், போன வேகத்துல திரும்பி வந்தா அதுக்கும் பிளக்ஸ். அதுலயும் சாவுன்னா கேக்கவே வேண்டாம், பஸ் ஸ்டாண்டுல கண்ணீர் அஞ்சலி ஏறி, அதை மயானத்து வாட்ச்மேன் தன் கண்ணால பார்த்த பிறகுதான் மயானத்து கேட் திறக்கும். பிளக்ஸ் ஏறாதவன் எங்க ஊரு வழக்கப்படி இன்னும் சாகலை, அவ்வளவுதான். இத்தனைக்கும் அந்த பஸ் ஸ்டாண்டு இருக்கிற இடம் ஒரு காலத்துல எங்க பள்ளத்தெருவுக்குன்னு இருந்த சுடுகாடு, அதை எடுத்து பஸ் ஸ்டாண்டு கட்டிட்டு இனிமே எல்லாருக்கும் ஒரே மயானம்னு சொன்னாங்க, நாங்களும் பெரிய மனசு பண்ணிச் சரின்னுட்டோம்.

பிளக்ஸ் கடையில டிசைன் போடுறவ இலக்கியா, எங்க தெருப் பொண்ணு. அவ போட்டுக் கொடுக்கிறதை மூங்கில்ல ஏறிக் கட்டுறவர் அவ அப்பா காத்தமுத்து அண்ணன். கட்டுனவன்தான் அவுக்கணும், வேற கை கயித்துல படக்கூடாதுன்னு ஒரு பழக்கத்தை அவரு வச்சிருந்தாரு, கல்யாணமோ கருமாதியோ யாரும் அதை மீறுனதில்ல. ஒரு தடவை செல்போன் டவர்ல கட்சிக் கொடி கட்ட ஏறுனவரு மேலேருந்து ஊரை ஒரு படம் எடுத்துட்டு வந்தாரு. உச்சியில கோயில் கலசம், நடுவுல பஜார், கிழக்க சேர்மனோட கல்யாண மண்டபம், மேக்க சேர்மனோட ரைஸ் மில், அடியில சரிஞ்சு இறங்குற எங்க பள்ளத்தெரு, அத்தனையும் விழுந்திருந்துச்சு. இலக்கியா அதைக் கடை லேப்டாப்புல எல்லாத்துக்கும் பின்னால நிக்கிற படமா வச்சிட்டா. பழைய லேப்டாப்பு அது, பலகாரப் பெட்டி கனம், ஸ்கிரீனு கிட்டத்தட்ட சதுரம். ஊரும் படமும் ஸ்கிரீனும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தி ஒரு வம்பும் இல்லாம இருந்த காலம் அது.

அந்தப் பெட்டி ஒரு நாள் மூடி கழண்டு உசிரை விட்டுச்சு. சேர்மன் தன் பொண்ணு கல்யாணத்துக்கு பஸ் ஸ்டாண்டை இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் அடைக்கிற மாதிரி பிளக்ஸ் வைக்கணும்னு ஆசைப்பட்டு, சினிமாக் கொட்டகைத் திரை கணக்கா அகலமா ஒரு புது லேப்டாப்பு வாங்கிட்டு வந்தாரு. இலக்கியா ஊர் படத்தை அதுல வச்சா. படம் நடுவுல நின்னுச்சு, ரெண்டு பக்கமும் கருப்பா பட்டை விழுந்துச்சு. சேர்மனுக்கு அது ஆகலை. கல்யாணம் நடக்கப் போற நேரத்துல ஊருக்கு ரெண்டு பக்கமும் துக்கத் துணி கட்டுன மாதிரி என்ன இது, பத்தலைன்னா இழுன்னாரு. இழுத்தா முகமெல்லாம் சப்பையாயிடும் ஐயான்னு அவ எவ்வளவோ சொன்னா. காசு போட்டு வாங்குன ஸ்கிரீன்ல பாதி சும்மா கிடக்கணுமான்னு அவரே மவுஸைப் பிடுங்கி இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் இழுத்து விட்டாரு. அப்பத்தான் பஸ் வந்து நின்னுச்சு, இறங்குனவங்க எல்லாரும் குட்டையா அகலமா இறங்குனாங்க, அவங்களுக்கு முன்னாடி பஸ்ஸே அப்படி ஆயிருந்துச்சு.

ஊரு அதை எடுத்துக்கிட்ட விதம் இருக்கே, அதைத்தான் சொல்லணும். முதல்ல இட்லி நீளமாப் போச்சுன்னு ஓட்டல்ல சண்டை, அப்புறம் எல்லா இட்லியும் நீளம்தான்னு தெரிஞ்சதும் சண்டை ஓஞ்சு போச்சு. நெத்திப் பொட்டு முட்டை வடிவம், வண்டிச் சக்கரம் முட்டை வடிவம், ஆனா ஒரு குலுக்கல் இல்லாம உருண்டுச்சு. நின்னா குட்டையா இருந்த ஆளு படுத்தா நெட்டையானான், கையை நீட்டுனா நீளம், தொங்கப் போட்டா குட்டை. எனக்குத்தான் தொழில்ல கெட்ட ரோதனை, ஏன்னா டேப்பும் சேர்ந்து மாறும், குறுக்க அளந்தா டேப்பும் இழுபட்டு நிக்கும், நெடுக்கப் பிடிச்சா டேப்பும் சுருங்கும், அளவு எப்படி எடுத்தாலும் அதே அளவு வந்துச்சு, ஆனா கண்ணுக்கு முன்னால எல்லா ஜாக்கெட்டும் தலகாணி உறையா நின்னுச்சு. மாசம் திரும்புறதுக்குள்ள அகலம்தான் லட்சணம்னு ஊரு முடிவு பண்ணிடுச்சு. ஒல்லியா இருக்கான்னு தள்ளிப் போன பொண்ணுக்கெல்லாம் மாப்பிள்ளை வந்துச்சு. தீர்க்கமான முகம்னு பேர் வாங்குன எங்க ஹெட்மாஸ்டர் மட்டும் வாசலுக்கு வராம இருந்தாரு, பிறகு அவரும் வந்துட்டாரு.

இப்படியே இருந்திருந்தாக்கூட நாங்க ஒண்ணும் கேட்டிருக்க மாட்டோம், எல்லாரும் சேர்ந்து சப்பையாகுறதுல என்ன குறை. ஆனா சேர்மன் தன் படத்தைக் கட்சித் தலைமைக்கு அனுப்ப, அங்க யாரோ பார்த்துட்டு இவருக்கு உடம்பு வீங்குற நோயா, நடமாட முடியுமா, அடுத்த எலெக்ஷனுக்கு வேற ஆளைப் பார்க்கலாமான்னு கேட்டுட்டாங்களாம். ஓடி வந்தாரு கடைக்கு. இலக்கியா பழையபடி ரெண்டு பக்கமும் கருப்பை விட்டா ஊரு சரியாயிடும்னா. கருப்பு ஆகாது, சப்பையும் ஆகாது, வேற வழி சொல்லுன்னாரு. இல்லைன்னா மேலயும் கீழயும் வெட்டணும்னா. வெட்டுன்னாரு.

முதல் வெட்டுல கோயில் கலசம் போச்சு. யப்பா, ஊரு ரெண்டாச்சு. கடை அடைப்பு, உண்ணாவிரதம், பரிகாரம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம், இந்தப் பக்கம் ஒரு கூட்டம். சரி கலசம் தெரியட்டும்னு சேர்மன் படத்தைக் கீழ இறக்கச் சொன்னாரு. கீழ எங்க தெரு இருக்கே ஐயான்னா இலக்கியா. அவரு அவ முகத்தைப் பார்க்கலை, ஸ்கிரீனைத்தான் பார்த்தாரு.

"கீழதானம்மா போவுது, போவட்டும்."

இவ மாட்டேன்னு கையை எடுத்துட்டா. அவரே இறக்குனாரு. கலசம் வந்துச்சு, வெடி வெடிச்சாங்க, சுண்டல் குடுத்தாங்க. பள்ளத்தெரு போனதுக்கு ஒருத்தர் ஒரு வார்த்தை கேக்கலை. எனக்கு இன்னிக்கும் அந்தச் சுண்டல் வாசம் வந்தா வயிறு எரியும்.

வெட்டுப்பட்டா எப்படி இருக்கும்னு கேட்டா ஒண்ணும் இருக்காது, நாங்க இருந்தபடிதான் இருந்தோம். சோறு பொங்குனோம், சண்டை போட்டோம், புள்ளைங்களுக்குப் பேன் பார்த்தோம். தெருக்குழாயோட சிமெண்டு ரோடு ஒரே கோடா முடிஞ்சுது, அந்தக் கோட்டுக்கு மேல நின்னு பார்க்கிறவங்களுக்குக் கீழ லேப்டாப்போட கருப்பு விளிம்பு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவங்க எல்லாரும் நல்லாத் தெரிவாங்க. வேலைக்குப் போக ஏறுனா முதல்ல தலை தெரியும், அப்புறம் இடுப்பு, அப்புறம் கால், தினம் எங்களைப் பார்த்தவங்களே எங்கேர்ந்தும்மா வர்றீங்கன்னு விசாரிச்சாங்க. பொழுதுபோகாத பசங்க விளிம்புல உக்காந்து ஒரு காலை மேல போட்டு ஆட்டி, ஒத்தைக் காலு தனியா ஆடுதுன்னு ஆளுங்களைப் பயமுறுத்துனாங்க, பத்து நாள்ல அதுக்கும் யாரும் பயப்படலை. தண்ணி லாரி கோடு வரைக்கும் வந்து திரும்பிப் போச்சு. கவுன்சில்ல கேட்டதுக்கு இல்லாத தெருவுக்கு எப்படிம்மா லாரி விடுறதுன்னு நியாயம் பேசுனாங்க. நியாயத்துக்கு மட்டும் எங்க ஊருல பஞ்சமே கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் சேர்மன் பொண்ணு கல்யாணம் வந்துச்சு. அதே அன்னிக்குக் காலையில, விடிஞ்சு டீத்தண்ணி குடிச்சுக்கிட்டிருந்த காத்தமுத்து அண்ணன் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. இலக்கியா மேல ஓடி ஒரு ஆட்டோவைக் கூட்டிட்டு வந்தா. ஆட்டோக்காரன் கோடு வரைக்கும் வந்துட்டு, இதுக்குக் கீழ ரோடு இல்லையேன்னு நின்னான். நானும் என் தம்பியும் அண்ணனைக் கட்டிலோட தூக்கிக்கிட்டு ஏறுறதுக்குள்ள அவர் போயிட்டாரு. தலை மட்டும் கோட்டுக்கு மேல தெரியுது, உடம்பு கீழ இருக்கு, ஆட்டோக்காரன் பார்த்துட்டு ஐயோன்னு உக்காந்துட்டான். திருப்பி இறக்கித் தெரு நடுவுல பந்தல்ல படுக்க வச்சோம். இலக்கியா அழலை. முகத்தைக் கழுவிட்டுக் கடைக்குக் கிளம்புனா. எனக்கு பயமாப் போச்சு, பின்னாலயே ஓடுனேன்.

சேர்மன் பட்டு வேட்டியோட கடையில நின்னு ரெண்டாவது பிளக்ஸுக்கு ஆர்டர் சொல்லிக்கிட்டிருந்தாரு. இவ போய், அப்பா தவறிட்டாரு ஐயா, பஸ் ஸ்டாண்டுல ஒரு ஓரத்துல அஞ்சலி வைக்கணும், வைச்சாத்தான் மயானம் திறப்பாங்கன்னா. அவருக்கும் ஒரு நிமிஷம் முகம் மாறத்தான் செஞ்சுது, நல்ல மனுசன் போயிட்டாரேன்னாரு. அப்புறம், கல்யாணத்துல இன்னிக்கு அபசகுனம் வேண்டாம், இடமும் இல்ல, முழுக்க நம்ம கல்யாண பிளக்ஸ்தானே இருக்கு, போதாததுக்கு எந்தத் தெருன்னு போட்டு வைப்ப, தெருவே இல்லையே, ரெண்டு மூணு நாள் ஐஸ் பெட்டியில வச்சுக்கங்க, பார்க்கலாம்னாரு. கடைக்கு வெளிய கல்யாணத்துக்கு வந்த ஊரு முழுக்க நின்னு கேட்டுக்கிட்டிருந்துச்சு. ஒருத்தரு சேர்மன் சொல்றதும் சரிதானேன்னு முனகுனாரு. நான் அவரை நல்லா அடையாளம் வச்சிருக்கேன், இனிமே அவரு வீட்டுக்கு ஒரு ஊக்கு தைக்க மாட்டேன்.

இலக்கியா சேர்மனைப் பார்த்துக் கேட்டா.

"எங்கப்பா கட்டாத சாவு இந்த ஊருல ஒண்ணு சொல்லுங்க. உங்க அப்பாவுக்குக் கட்டுனது யாரு?"

பதிலுக்கு அவ காத்திருக்கலை. லேப்டாப்பைத் தூக்குனா, ஒருக்களிச்சு, புஸ்தகத்தை விரிச்சு நிறுத்துற மாதிரி பேப்பர்க் கட்டுல சாத்தி நெட்டுக்குத்தலா நிக்க வச்சா, விசைப்பலகையில ரெண்டு மூணு விசையைச் சேர்த்து அமுக்கிப் படத்தையும் நிமித்தி விட்டா. அகலமெல்லாம் உயரமாச்சு. டம்ளர்ல இருந்த காபி ஒரு பக்கமாச் சாய்ஞ்சு சமாதானமாச்சு. வானம் மேல மேல போச்சு, கலசம் எங்கயோ உச்சியில மின்னுச்சு, கீழ பார்த்தா தெருக்குழாய், தாண்டி எங்க வாசல், எங்க கோலம், எங்க ஆடு, பந்தல், பந்தல்ல படுத்திருந்த காத்தமுத்து அண்ணன், சுத்தி உக்காந்திருந்த எங்க சனம், அத்தனையும் ஊருக்கு முன்னால இருந்துச்சு. மேல நின்னவங்க குனிஞ்சு பார்த்தாங்க. கீழ இருந்தவங்க நிமிந்து பார்த்தாங்க. பார்த்தாச்சு, இனிமே தெரியலைன்னு எவனும் சொல்ல முடியாது.

அப்பத்தான் கிழக்கே நாதஸ்வரம் நின்னு போனது காதுல உறைச்சுது. நெட்டுக்கு நிறுத்துனதுல ரெண்டு பக்கமும் வெட்டுப்பட்டுப் போச்சு. மேக்க ரைஸ் மில் இல்ல, கிழக்க மண்டபம் இல்ல. மண்டபத்தோட மணவறை, மாப்பிள்ளை, சம்பந்தி வீட்டு ஆளுங்க, பந்திக்கு வெந்துக்கிட்டிருந்த சாம்பார் எல்லாம் விளிம்புக்கு அந்தப் பக்கம். மொய்க்கவரை வச்சுக்கிட்டு ஒரு கூட்டம் கருப்பு விளிம்பைத் தடவித் தடவி வாசலைத் தேடுச்சு. சேர்மனுக்கு வேட்டி நழுவுறதுகூடத் தெரியலை. உன்னை வேலையை விட்டுத் தூக்கிடுவேன்னாரு, தூக்குங்கன்னா. போலீசைக் கூப்பிடுவேன்னாரு, ஸ்டேஷன் ரைஸ் மில்லுக்குப் பக்கத்துல இருக்கு, முதல்ல கண்டுபிடிங்கன்னேன், அது நான் சொன்னது, சொல்லாம இருக்க முடியலை. அவரு மெதுவா, முகூர்த்தம் போயிடும் தாயி, எம்பொண்ணு அந்தப் பக்கம் தனியா இருக்குதுன்னாரு. அந்தப் பொண்ணு மேல எங்களுக்கு ஒரு கோவமும் இல்ல, அது நல்ல புள்ளை. இலக்கியா நிபந்தனை சொன்னா.

"இனிமே ஊரை இழுக்கவும் கூடாது, வெட்டவும் கூடாது. ரெண்டு பக்கமும் கருப்பு வரும். வரட்டும். அதைப் பார்த்துக்கிட்டேதான் எல்லாரும் இருக்கணும். எங்கப்பா பஸ் ஸ்டாண்டு நடுவுல நிப்பாரு."

அவரு தலையாட்டுனாரு. அவ லேப்டாப்பைப் படுக்கப் போட்டு, படத்தை உள்ளபடி வச்சா. ரெண்டு பக்கமும் கருப்பு இறங்குச்சு. கருப்புக்கு நடுவுல ஊரு முழுசா வந்து நின்னுச்சு, கலசத்துலேர்ந்து எங்க கடைசி வீட்டுக் கோழிக்கூடு வரைக்கும். இட்லி வட்டமாச்சு. நாதஸ்வரம் விட்ட இடத்துலேர்ந்து தொடர்ந்துச்சு.

அப்புறம் அஞ்சலி போட உக்காந்தா. அண்ணனுக்குன்னு ஒரு படம் கிடையாது. ஊரைப் படம் எடுத்தவரு அவரு, அதனால ஊர் படத்துல அவர் இல்ல. தேடித் தேடி யாரோட கல்யாண போட்டோவுலயோ மூலையில மூங்கில் மேல கடுகளவு ஒரு முகம் கிடைச்சுது. அதைப் பெருசாக்குனா பிக்சல் உடையுது, கன்னம் ஒரு கட்டம், கண்ணு ஒரு கட்டம், மீசை ரெண்டு கட்டம். வேண்டாம்டி, முகமே தெரியலையேன்னேன். "உடையட்டும் அத்தை. இவங்க கொஞ்சம் தள்ளி நின்னு பார்க்கட்டும்"னா. கீழ வரிசையில, துக்கத்தோட கையொப்பம் போடுற மாதிரி சின்னச் சின்ன முகம் வைப்பாங்களே, அதுல எங்க தெரு முழுக்க வச்சா. கடைசியா ஒரு மூலையில கட்டைவிரல் நகத்தளவுக்குச் சேர்மனையும் வச்சா. அவரு படம் கடையில எப்பவும் இருக்கும், ஓட்டுக் கேக்குற படம், ரெண்டு கையும் கூப்பி இருக்கும். அதுக்குப் பக்கத்துல எல்லா அஞ்சலியிலயும் போடுற அதே வார்த்தையைப் போட்டா, கண்ணீருடன்னு.

மூங்கில்ல அவளே ஏறி, அப்பா கட்டுனதை அவுக்காம, கல்யாண பிளக்ஸுக்கு மேலயே கட்டுனா. நான் கீழ நின்னு கயித்தைக் கொடுத்தேன். பக்கத்துல நின்னு பார்த்தா வெறும் கட்டமா இருந்தது, ஊரு பின்னால நகர நகர ஒண்ணு சேர்ந்து, கோயில் படியில போய் நின்னப்ப காத்தமுத்து அண்ணனா ஆச்சு, மேல கயித்தைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்குவாரே, அந்த முகம். எனக்கு அப்பத்தான் அழுகை வந்துச்சு, நடு பஜார்ல உக்காந்து அழுதேன். வாட்ச்மேன் பார்த்துட்டுப் போய் மயானத்து கேட்டைத் திறந்தான்.

கடைசி முடிச்சு விழுந்த நேரத்துல மண்டபத்துல சேர்மன் கை தானா கூம்பிக்கிச்சு, கண்ணுலேர்ந்து தாரை தாரையாக் கொட்டுச்சு. பொண்ணைப் பெத்த அப்பன், அழுகை வராதான்னு சம்பந்தி வீட்டுல உருகிப் போனாங்க. பந்தி முடிஞ்சதும் அவர் காலு அவர் பேச்சைக் கேக்கலை. பட்டு வேட்டியும் கூப்புன கையுமா மண்டபத்துலேர்ந்து இறங்கி, பஜாரைத் தாண்டி, குழாயடியைத் தாண்டி எங்க தெருவுக்குள்ள வந்தாரு, பாடைக்குப் பின்னால மயானம் வரைக்கும் நடந்தாரு. சேர்மனே போறாரேன்னு ஊரும் பின்னால வந்துச்சு. அவ்வளவு பெரிய சாவு எங்க தெருவுல அதுக்கு முன்னால எடுத்ததில்ல.

கண்ணீரு பதினாறாம் நாளோட நின்னுச்சு. கை மட்டும் இறங்கலை. கூப்புன கையோடதான் கவுன்சில்ல உக்காருறாரு, யாராவது ஊட்டி விட்டாத்தான் சோறு. எங்க தெருவுக்குத் தண்ணி லாரி வருதா, அதைச் சேர்மன்தான் முன்னால நடந்து வழி காட்டிக் கூட்டிட்டு வர்றாரு, விரல் நீட்டி வழி காட்ட முடியாது, கும்பிட்டுக்கிட்டே காட்டுறாரு. ஊரு அதுக்கும் பழகிடுச்சு, எவ்வளவு பணிவான மனுசன்னு வெளியூர்க்காரங்க அசந்து போறாங்க. போன வாரம் இலக்கியாகிட்ட வந்து, பிளக்ஸ் வெயில்ல வெளுத்துப் போச்சே, இறக்கிடலாமேன்னு கேட்டாரு. அவ ஸ்கிரீனை விட்டுக் கண்ணை எடுக்கலை. கட்டுனவங்கதான் அவுக்கணும், அது எங்கப்பா வச்ச பழக்கம், கட்டுனவ நானு, நான் அவுக்கிறதா இல்லைன்னுட்டா. அவரு பாதிச் சுவருக்கு மேல என்னைப் பார்த்தாரு. நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வச்சுக்கிட்டிருந்தேன்.

"அண்ணன் வந்து சொன்னா இறக்கலாம் ஐயா. அதுவரைக்கும் கும்பிடுங்க."